அழுக்குப் பக்கம்

ஃபின்லாந்தின் வடக்கே, கயானியில்
பழைய காகித ஆலைக்குள்
இப்போது கணினிகள் இரைகின்றன.
இரவு மூன்று மணி.
ஐந்தாம் வரிசையில், ஒரு நினைவகச் சில்லில்
இரண்டு பிட் பிறழ்ந்துவிட்டதை
ரைலி ஹூவோனென் பார்க்கிறாள்.

ஒன்று என்றால் தானே திருத்திக்கொள்ளும்.
இரண்டு, ஆகாது.

நஞ்சு என்று குறி விழுகிறது.
பிறகு ஒரே கேள்வி: யார் வசம் இருந்தது?

யாரும் எடுக்காத பக்கமென்றால்
ஒதுக்கி வைத்தால் போதும்.
சுத்தமான பக்கத்துக்கு வட்டில் பிரதி உண்டு,
தூக்கிப்போட்டு மறுபடி வாசிக்கலாம்.
கெர்னலின் சொந்தப் பக்கமோ
கையை விரிக்க வேண்டியதுதான்.

இது அழுக்கு.
இந்தத் தொழிலில் அழுக்கு என்றால்
இப்போதுதான் எழுதியது,
வேறெங்கும் இன்னும் எழுதாதது.

எட்டு மணி நேரமாக ஓடிய கணக்கு:
ஆற்றுப் பனி எந்த நாளில் உடையும்?
ஒரு பொய் எண்கூட வெளியே போகாதபடி
அமைப்பு அதைக் கொல்கிறது.
பக்கத்தில் ஓடும் நானூறு கணக்குகளுக்கு
ஒன்றும் தெரியாது.

பதிவேட்டில் ஒரே சொல்:
மீட்கப்பட்டது.

ரைலி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
கிழிந்த தாளை இதே கூடத்தில்
திரும்பவும் கூழாக்கினார்கள் ஒரு காலத்தில்.
இந்த நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டை
இனி யாருக்கும் தரமாட்டார்கள்.

ஆய்வாளர் ஓஸ்மோவுக்கு எழுதுகிறாள்:
உங்கள் எட்டு மணி நேரம் போயிற்று.
காரணம் தெரியவில்லை.
வானிலிருந்து ஒரு துகள் விழுந்திருக்கலாம்.
மன்னியுங்கள் என்று சேர்க்கிறாள்,
அழிக்கிறாள், மறுபடி சேர்க்கிறாள்.

விடிந்து வெளியே வந்தால்
பாலத்தடியில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
போய்க்கொண்டிருக்கின்றன.