பதினேழு மணி நேரம்

நான் போரைப் பார்த்ததில்லை.
மதகுச் சக்கரத்தைத்தான் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு சுற்று சுற்றினால் முழுத் திறப்பு.
கிரீஸ் காய்ந்திருந்தால் முப்பதாவதில் முரண்டு பிடிக்கும்.

ஏப்ரலில் அவர்கள் வந்தபோது
மின்சாரக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில்
என் பெயருக்கு எதிரே எதுவும் மாறவில்லை.
சுவரில் கொடி மாறியது.
ஆணி அதே ஆணி.

உர்பிசி அதற்கு முந்தின வாரமே போய்விட்டான்,
இரவு ஷிஃப்டில் எட்டு வருஷம் என்னோடு இருந்தவன்.
சைக்கிளை விட்டுவிட்டுக்
காற்றடிக்கும் பம்பை மட்டும் எடுத்துப்போனான்,
ஏனென்று தெரியாது.
ஒரு நீல அட்டை நோட்டையும் விட்டுப்போனான்:
இங்கே திறந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர்,
கோடைக்கு ஒரு பக்கம், பனி உருகும் மாதத்துக்கு ஒரு பக்கம்.
ஆற்றில் மணல் அள்ளுகிறவர்களும் அவர்கள் கழுதைகளும்
கரையேற வேண்டுமே என்று எழுதிய கணக்கு.

ஜூலைக் கடைசியில், நிலவில்லாத ஓர் இரவில்,
குடியரசுக்காரர்கள் படகுகளில் எப்ரோவைக் கடந்தார்கள்.
கந்தேசாவின் வாசல்வரை வந்துவிட்டார்கள்.
கேப்டன் அர்ரியேத்தா என் சாப்பாட்டு மேசையில்
வரைபடத்தை விரித்தார். நான்கு மூலைக்கும்
என் எண்ணெய்ப் புட்டி, உப்பு, அரை ரொட்டி, அவர் துப்பாக்கி.

"குன்றில் இருப்பவனைச் சுட வேண்டியதில்லை.
அவன் முதுகுக்குப் பின்னால் ஓடும் ஆற்றை எழுப்பு.
பாலம் போனால் குண்டு போகாது, ரொட்டி போகாது,
காயம்பட்டவன் திரும்பிப் போகாமல் அங்கேயே கிடப்பான்."

பகலில் விமானங்களுக்குப் பயந்து
பாலத்தைப் பிரித்து நாணலுக்குள் ஒளிப்பார்கள்.
இருட்டியதும் கட்டுவார்கள்.
இரவு இரண்டு மணிக்கு லாரிகள் நெருக்கியடித்து நிற்கும்.
அந்த இரண்டு மணிக்கு வேண்டும் தண்ணீர்.

நோட்டில் விரல் வைத்தார்.
உர்பிசி ஏழுக்குக் குறுக்குக் கோடு போடமாட்டான்,
மேலே வளைவதும் சோம்பேறி வளைவு.
"பதினொரு மணி நேரம்" என்று படித்தார்.
நான் கிரீஸ் டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மூன்றுக்குத் திறந்தோம்.
தண்ணீர் மறுநாள் காலை எட்டுக்குப் போய்ச் சேர்ந்தது,
பாலமே இல்லாத இடத்துக்கு.
கொஞ்சம் நாணலைப் படுக்கவைத்துவிட்டுக்
கடலைப் பார்க்கப் போயிருக்கும்.
நான் செய்த போர் அவ்வளவுதான்: வாயைத் திறக்கவில்லை.
இரண்டு நாள் ரொட்டி ருசித்தது.

மூன்றாம் நாள் நோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய்
வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
கோபம் இல்லை. தூங்காத கண்கள்.
"இது ஒன்றா, ஏழா?"

ஒன்று என்றிருக்கலாம்.
மை கலைந்திருக்கிறது என்றிருக்கலாம்.
அன்று துப்பாக்கிகூட மேசையில் இல்லை.
யார் கேட்டாலும் அளவைச் சரியாகச் சொல்லியே
பழகிவிட்ட வாய்
"ஏழு" என்றது.

மறுநாள் காலை ஒன்பதுக்கு நாற்பத்திரண்டு சுற்று.
நல்ல வெயில்.
முப்பதாவதில் முரண்டு பிடிக்கவில்லை,
நான்தான் கிரீஸ் போட்டிருந்தேன்.
மதியம் அவரை வேகவைத்தேன், சாப்பிட்டேன்,
சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.
தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.
கீழே யாருக்கும் தெரியாது.

ஒருவனுக்குத் தெரிந்திருக்கலாம்.
கணக்கை எழுதியவனே அந்தப் பாலத்தில் நின்றிருந்தால்
ஆற்றின் வாசனை மாறுவதை மோந்து
லாரிகளைத் திருப்பியிருப்பான்.
அவன் எந்தப் படையில், எந்தக் கரையில்,
அன்றிரவு என்னவாக இருந்தான் என்று
எனக்குச் சேதி இல்லை.

நவம்பரில் எல்லாம் முடிந்தது.
கேப்டன் நோட்டைத் திருப்பித் தந்தார்,
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு.

இன்றும் காலை ஒன்பதுக்கு மதகைத் தொட்ட நாளில்
இரவு இரண்டுக்கு விழித்துக்கொள்கிறேன்.
கொட்டகையில் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது.
டயரில் காற்று இறங்கி வெகுகாலம்.
பம்பு அவனிடம் இருக்கிறது.