பாதி ரத்தம்

பார்ன்ஸ்லியில் அன்று மழை.
வக்கீல் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.
முதல் வரி மனைவி: அவன் கட்டவில்லை.
அடுத்தது பிள்ளைகள்: பிறக்கவில்லை.
தாய், தகப்பன் போய்ச் சேர்ந்தாயிற்று.
முழு ரத்தத்தில் உடன்பிறந்தார் யாருமில்லை.
அதற்கும் கீழே, பாதி ரத்தம் என்ற படியில்
என் பெயர்:
தெல்மா ஒக்டன்.

முப்பத்தொரு வருடம் அவனோடு பேசாதவள்.
சண்டை ஒரு தையல் மெஷினுக்காக.
மெஷின் கடைசியில் யாரிடம் போனதோ.

பெரில் பதினாறு வருடம்
கிளிஃபோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவள்.
இரவு மூன்று மணிக்கு எழுந்து
அவன் மூச்சுக் குழாயைச் சரிசெய்தவள்.
சட்டத்தின் படிக்கட்டில்
அவள் கால் வைக்க ஒரு கல் இல்லை.
"வாடகைக்கு இருந்தீர்களா?" என்று
வங்கியில் கேட்டார்களாம்.

வழக்குப் போட வழி உண்டு, என்றார் வக்கீல்.
அதற்குள் அவள் எழுந்துவிட்டிருந்தாள்,
புறாக்களுக்குத் தண்ணீர் வைக்க நேரமாயிற்றென்று.

சாவிக்கொத்தை என் கையில் தந்ததும் அவள்தான்.
பின்கதவை லேசாகத் தூக்கித் திருப்பணும்,
இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும், என்றாள்.
நான் எழுதினேன்:
வேன் ஒன்று, துருப்பிடித்தது.
கோப்பைகள் பதினொன்று, வெள்ளி முலாம்.
சேமிப்புக் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம்.
பந்தயப் புறாக்கள்
அவள் கால்வளைய எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல
இருபத்து மூன்று.
அனைத்தும் உண்மை என்று கையெழுத்திட்டேன்.
நிர்வகிக்கும் உரிமைப் பத்திரம்
தபாலில் வந்தது, முத்திரையோடு.
அன்றைக்கு இருவருமே அதைப் பிரிக்கவில்லை.

ஜூலையில் ஒரு மத்தியானம்
கூண்டின் பலகையில் ஏதோ இறங்கிய சத்தம்.
அவன் செத்த சனிக்கிழமை
பிரான்ஸில் பறக்கவிட்ட பெட்டை,
ஏழு வாரம் எங்கே சுற்றியதோ,
இடது இறக்கையில் பாதி இல்லை,
நெஞ்செலும்பு கத்திபோல் துருத்த
அவள் குரலுக்குக் காத்து நின்றது.

பெரில் அதைக் கையில் ஏந்தி
என்னைப் பார்த்தாள்.
"பட்டியலைத் திருத்தணுமே?"

"எந்தப் பட்டியலை?" என்றேன்.
"எந்தப் புறாவுக்கு?"

வீட்டை என்ன செய்வதென்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லமாட்டேன்.
விலை கேட்டு இரண்டு பேர் வந்துபோனார்கள்.
அவள் சோள டப்பாவைத் திறந்தாள்.
நான் டீ போட உள்ளே போனேன்.
என் பெயரில் இருந்த சமையலறையில்
ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தேன்,
கப்புகள் எதில் இருக்கின்றன என்று.