ஏழாம் வாய்பாடு

பெரகலை இறக்கம், மூன்றாவது வளைவு.
மிதி பாதிவரை போனது,
பிறகு இன்னும் கொஞ்சம் போனது.
பின்னால் பதினொரு பிள்ளைகள்
ஏழாம் வாய்பாடு பாடிக்கொண்டிருந்தார்கள்.
ஏழெட்டு ஐம்பத்தாறில்
இரண்டாம் கியருக்கு இறங்கி
ஹேண்ட் பிரேக்கைப் பல்லுப் பல்லாக இழுத்தேன்.
யாருக்கும் தெரியவில்லை.
முதுகோடு ஒட்டிய என் சட்டைக்குத் தெரியும்.

புது சூ போட்டு நாலு நாள்தான்.
பண்டாரவளை பாஸ் கேட்ட கூலிக்கு
பெரியவளுக்குச் சப்பாத்து வாங்கலாம் என்று
ஞாயிறு நானே உட்கார்ந்தேன்.
பழைய டொல்பின், என்னைவிட இரண்டு வயதுதான் இளையது,
அதன் வயிறு எனக்குத் தெரியாதா?
இரண்டு பின்சில்லையும் ஒன்றாகக் கழற்றி
எல்லாச் சாமானையும் ஒரே தட்டில் கொட்டி
மண்ணெண்ணெயில் கழுவினேன்.
அவ்வளவு சுத்தம்:
இடது எது, வலது எது என்ற அழுக்குகூட மிஞ்சவில்லை.
ஒரு ஸ்பிரிங் பறந்து தேயிலைக்குள் விழுந்தது.
தேடி எடுத்தேன்.
ட்ரம் ஏற மறுத்தது.
சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி ஏற்றினேன்.

திங்கள் மிதி மேலேயே பிடித்தது.
செவ்வாய் ஒரு விரல் இறங்கியது.
புதன் இரண்டு விரல். புது சூ படிகிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
வியாழன்தான் மேலே சொன்னது.

வெள்ளி எனக்குக் காய்ச்சல் என்று
பதினொரு வீட்டுக்கும் பொய் சொன்னேன்.
லீலா மிதித்தாள், நான் கீழே படுத்துக் காற்று எடுத்தேன்.
மிதி. பிடி. விடு.
மிதி. பிடி. விடு.
ஒரு குமிழி இல்லை.
ஒயில் தெளிந்த சாயத்தண்ணி போல வந்தது.
"மாஸ்டர் போயிருக்கும்" என்றார் சாமான் கடை ஜயந்த.
அவர் சொன்ன விலையில் ஒரு மாதம் அடங்கியிருந்தது.

இரவு திரும்பவும் ஜக் வைத்தேன்.
பனி லயத்துக் கூரை வரை இறங்கிவிட்டது.
லீலா போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.
சுத்தியலுக்கு மட்டுமே பணிந்த அந்த ட்ரம்
பிஸ்கட் டின் மூடி மாதிரி கையோடு வந்தது.

அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.
சூ தேயவில்லை.
விலகியிருந்தது.

"அந்தப் பல்லுச் சக்கரம் எதுக்கு?"
தேயத் தேய அதுவாகவே சுற்றி
சூவை வெளியே தள்ளும் என்றேன்.
"சுத்துங்க பாப்பம்."
லீவரைப் பத்துத் தடவை நெம்பினேன்.
அவள் நெருப்புக் குச்சியை இடையில் வைத்து அளந்தாள்.
"குறையுதே!"

துருவை நகத்தால் சுரண்டினேன்.
ஆர் என்று ஓர் எழுத்து.
இது வலதுக்கு என்று
எங்கேயோ ஒரு ஜப்பான்காரன்
என்னை நினைத்தே கொத்தியிருக்கிறான்.
அது இடது சில்லில் உட்கார்ந்து
ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பல்
பின்னோக்கிச் சுற்றியிருக்கிறது.
பயத்தில் நான் அழுத்த அழுத்த
அது விட்டுக்கொண்டே போயிருக்கிறது.

வலதையும் திறந்தோம். அங்கே எல் இருந்தது.
இடம் மாற்றினேன்.
ட்ரம் லேசாக உரசும் வரை பல்லை ஏற்றி
ஒரு பல் இறக்கினேன்.
பங்களா ஏற்றத்தில் இரண்டு தரம் ஏறி இறங்கியதும்
லீலா காய்ச்சல் பார்ப்பவள்போல்
இரண்டு சில்லிலும் புறங்கை வைத்தாள்.
"இது கொஞ்சம் சூடு."
ஹேண்ட் பிரேக் கேபிளை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன்.
மணி பன்னிரண்டரை.

திங்கள், அதே வளைவு.
பிள்ளைகள் எட்டாம் வாய்பாட்டுக்கு வந்திருந்தார்கள்.
மிதித்தேன்.
மேலேயே நின்றது.
ஒரு சின்னப் பெடியன் முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டு
என்னை முறைத்தான்.
மன்னிப்புக் கேட்கவில்லை, சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வேனை நிறுத்தியபோது
லீலா வழக்கமான கல்லோடு நின்றாள்.
இன்னும் நம்பிக்கை வரவில்லையா என்றேன்.
"வேன்ல நம்பிக்கை இருக்கு" என்றாள்,
கல்லைக் காலால்
சில்லுக்கடியில் நன்றாகத் தள்ளிக்கொண்டே.