மூன்று பச்சை விளக்குகள்

ரவுட்டரில் மூன்று விளக்கும் பச்சை.
கைபேசியில் காலநிலை வருகிறது:
கொழும்பு, முப்பத்தொரு பாகை, இரவில் இடி.
கொம்பியூட்டரில் மட்டும் வெள்ளைப் பக்கம்.

நேற்றுத்தான் பம்பலப்பிட்டியில்
நாலாயிரத்து எண்ணூறு ரூபா கொடுத்து
ஒரு வருடப் பாதுகாப்பு வாங்கிவந்தேன்.
பெட்டிமேல் ஒரு கேடயம், கேடயத்தில் ஒரு சரிக்குறி.
கடைப் பெடியன் சொன்னான்:
"இனி ஒண்டும் உள்ளுக்கு வராது, மிஸ்."
சொன்ன சொல் தவறவில்லை.

வற் கணக்கு நள்ளிரவுக்குள் போகவேண்டும்.
ஐந்துலாம்படி இரும்புக்கடை ஜலால்தீன் முதலாளி
இரண்டு தரம் எடுத்துவிட்டார்.
அவருடைய மூன்று மாத ஆணிகளும் பிணைச்சல்களும்
என் மேசையில் கிடக்கின்றன,
போக வழியில்லாமல்.

வயரைக் கழற்றினேன். முப்பது எண்ணி மாட்டினேன்.
கடற்கரை ரயில் போனது;
யன்னல் கம்பியில் துரு கொஞ்சம் உதிர்ந்தது.
மறுபடி கழற்றினேன். இம்முறை அறுபது.
வாயால் ஊதியும் பார்த்தேன்.
இந்த உப்புக்காற்று எதையும் தின்னும்,
போன வருடம் இஸ்திரிப்பெட்டியைத் தின்றது.

கறுப்புத் திரையைத் திறந்து
தன்னைத்தானே கூப்பிடச் சொன்னேன்.
நாலு தரம் கூப்பிட்டது.
நாலு தரமும் ஒரு செக்கன் பிந்தாமல்
தனக்கே பதில் சொன்னது.
ஒரு முழம் தள்ளியிருக்கும் ரவுட்டரைக் கூப்பிடச் சொன்னேன்.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.

"தமிழுக்கு இரண்டை அழுத்தவும்."
பதினெட்டு நிமிடம் ஒரே வீணை.
சிங்களத்துக்குப் போயிருந்தால் நாலு நிமிடம்,
எனக்கு நன்றாகவே வரும்.
இன்று ஏனோ பிடிவாதம்.

"வணக்கங்க்கா, யோகராணி பேசுறேன்."
எங்கோ பண்டாரவளைப் பக்கத்துக் குரல்.
"லைட்டெல்லாம் பச்சையா எரியுதுங்களா?
அப்ப நம்ம பக்கம் பிழை இல்லைங்க்கா.
புதுசா ஏதும் போட்டீங்களா?"

கேடயத்தைச் சொன்னேன்.

"போடுறப்ப ஒரு கேள்வி கேட்டிருக்குமே,
இது வீடா, பொது இடமான்னு.
என்ன குடுத்தீங்க?"

நினைவில்லை என்றேன்.
நினைவிருந்தது.
யோசிக்காமல் அழுத்தியிருந்தேன்: பொது இடம்.

இருபத்தாறு வருடம்.
இரண்டு அனெக்ஸ், ஒரு லொட்ஜ் அறை,
இப்போது லிஃப்ட் வேலைசெய்யாத இந்த நாலாம் மாடி.
எந்தப் படிவத்திலும் நிரந்தர முகவரி மீசாலைதான்;
அந்தக் காணியில் இப்போது
ஒரு தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது.
தற்காலிக முகவரியில் கொழும்பை எழுதுவேன்,
பென்சிலால் எழுதுவதுபோல மெல்ல.
அந்த நாளில் பொலிசில் பதிகிற துண்டில்
'வந்த நோக்கம்' என்று ஒரு கோடு இருக்கும்.
'வைத்தியம்' என்று நிரப்புவோம்.
எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வருத்தமில்லை.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கிறன்."

அவள் சொன்னபடி கேடயத்துக்குள் போனேன்,
அமைப்பு, வலையமைப்பு, வகை.
சுட்டி இரண்டு சொற்களுக்கும் நடுவில் நின்றது.

"பிள்ளை, வாடகைக்கு இருந்தாலும்
வீடெண்டு குடுக்கலாமோ?"

சிரித்தாள்.
"அதுக்கு அதெல்லாம் தெரியாதுங்க்கா.
நானும் மருதானையில போர்டிங்லதான் இருக்கேன்.
வீடுன்னே குடுங்க.
அப்புறம் ஒரு மெசேஜ் வரும், மறக்காம அஞ்சு போடுங்க."

கொடுத்தேன்.
வெள்ளைப் பக்கம் ஒருமுறை துடித்தது.

ஆணிகள் பதினொன்று நாற்பதுக்குப் போய்ச்சேர்ந்தன.
முதலாளி ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
சொன்னபடி இடி; மின்சாரம் ஒரு கணம் போய் வந்ததில்
மூன்று விளக்கும் சிவந்து, யோசித்து,
ஒவ்வொன்றாய்ப் பச்சைக்குத் திரும்பின.

திரை மூலையில் கேடயம் எட்டிப்பார்த்தது:
இன்று மறித்தவை இருநூற்றுப் பதினாலு.
யார், எங்கிருந்து என்று பார்க்க
கீழே ஒரு பொத்தான்.

அஞ்சு போட்டுவிட்டுப் படுத்தேன்.