விலாசம்

உச்சிமேடு என்று பேர்.
அன்றிரவு அங்கே கழுத்தளவு தண்ணீர்.
அணையைத் திறந்ததாகச் சேதி வந்தபோது
பயிர்க் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.
கிராம நிர்வாக அலுவலர்,
வயது முப்பத்தொன்று, நீச்சல் தெரியாது.

பெண்ணையாற்றுப் பாலத்தடியில் மூன்று விளக்குகள்.
கடலூர் போலீஸ், எஸ்.ஐ. இளம்பரிதி.
புதுவைப் போலீஸ், சிவப்புத் தொப்பியைப்
பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த அந்துவான்.
அப்புறம் ஒரு ராணுவ லாரி.
மூன்று வாக்கி டாக்கி,
ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது.
நடுவில் என் கைப்பேசி, பதினோரு சதவீதம்.

ஹவில்தார் நேகி பானெட்டின்மேல் வரைபடத்தை விரித்தார்.
அதில் பாகூர் ரோடு இருந்தது.
எதிரே இல்லை.

"பள்ளிக்கூடம் உங்க எல்லையா, எங்க எல்லையா?"
அந்துவான் கேட்டதில் கெட்ட எண்ணமில்லை.
நாளைக்கு அவரையும் மேலே ஒருவர் கேட்பார்.
எல்லைக்கல்லைத் தேடி டார்ச் அடித்தேன்.
அந்த இடத்தில் ஒரு வைக்கோல் போர்
மெதுவாகத் திரும்பிக்கொண்டு போனது.

பள்ளி மாடியில் நாற்பத்தொரு பேர்.
ஒருத்திக்கு ஒன்பதாம் மாதம்.
படகு இருக்கிறது. மோட்டார் இருக்கிறது.
கரும்பு எங்கே, பம்புசெட் கொட்டகை எங்கே,
மின்கம்பி எந்த உயரத்தில் தொங்குகிறது,
சொல்லத்தான் ஆளில்லை.

இளம்பரிதி வெகுநேரம் பேசவில்லை.
பிறகு பல்வலிக்காரரைப் போல
"ஒருத்தன் இருக்கான்" என்றார்.

கெங்காதுரை.
புதுவைச் சரக்கை ராவோடு ராவாக
ஆறு தாண்டிக் கொண்டுவருபவன்,
விளக்கில்லாமல், இரண்டு போலீசுக்கும் தெரியாத துறைகளில்.
அவன்மேல் ஏழு வழக்கு. ஐந்து இவர் போட்டது.
அவன் நம்பர் இவரிடம் எப்படி என்று
நான் கேட்கவில்லை.

வந்தான். எங்களுக்கு இரண்டடி தள்ளியே நின்றான்.
பேரைக் கேட்டதும் நேகி நிமிர்ந்தார்: "கங்கா?"
"கெங்கை. எங்க அம்மன்."
ஹவில்தாருக்குத் தமிழில் மூன்று சொல்:
வா, போ, தண்ணி.
அவனுக்கு இந்தியில் அதுவுமில்லை.
பெயர்ப் பட்டியல் என்னிடம் என்பதால் நானும் ஏறினேன்.

கை காட்டினான். இடது.
இன்னும் இடது.
நிறுத்து.
என் பிடரியில் கைவைத்து அழுத்தினான்.
தலைக்கு மேல் கம்பி
ஒரு சாண் இடைவெளியில் கடந்து போனது.

ஐந்து நடை.
பீரோ சாவியை மட்டும் பிடித்தபடி ஒருவர் வந்தார்.
ஒரு கன்றுக்குட்டி, கணக்கில் வராதது.
அந்தப் பெண்ணை அந்துவான் தூக்கிக்கொண்டு ஓடினார்,
ஆம்புலன்ஸ் எந்த மாநிலத்தது என்று பார்க்காமல்.

விடிந்ததும் முழங்காலில் வைத்து எழுதினேன்:
வருவாய்த்துறை, காவல்துறை, ராணுவம்.
'இதர' என்று ஒரு கட்டம் இருந்தது.
பேனா அதில் நின்று
மை ஊறிப் பொட்டாகிவிட்டது.
வியாழக்கிழமை அவனுக்கு வாய்தா. இவர் சாட்சி.

லாரி கிளம்பும் முன் நேகி என்னிடம் சொன்னார்:
ரெஜிமென்டிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வரும்,
விலாசம் வேண்டும்.
தமிழில் சொன்னேன்.

கெங்காதுரை எஸ்.ஐ.யைப் பார்த்தான்.
எஸ்.ஐ. ஆற்றைப் பார்த்தார்.