ஒன்பதாவது கிழமை

யாரும் தொடவில்லை.
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்,
யார் தள்ளினது என்றே எல்லோரும் கேட்கிறார்கள்.
இடது மூலையிலிருந்து உள்ளே வெட்டினேன்.
பாதம் நின்ற இடத்தில் நின்றுவிட்டது,
நான் மட்டும் திரும்பினேன்.
முருங்கைக்காய் முறிகிற சத்தம்.
விழுந்த பிறகும் பந்தை விடவில்லையாம் நான்,
நடுவர் குனிந்து
விரல் விரலாகப் பிரித்து எடுத்தாராம்.

அம்மா பெரியம்மாவுக்குச் சொன்னது, சவ்வு.
பெரியம்மா தூனுக்குச் சொன்னது, நரம்பு.
பின்னேரத்துக்குள் கனடாவில்
எனக்கு ஒரு காலே இல்லை.

பீல் நகரில் தெருவுக்கும் இரண்டு பெயர்.
ஆஸ்பத்திரிப் படிவத்தில் என் முழங்காலுக்கும்
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
இரண்டின் கீழும் கையெழுத்து வைத்தேன்.
தொடையின் பின்னாலிருந்து ஒரு நாரை உருவி
நாலாய் மடித்து
எலும்பைத் துளைத்து மாட்டினார்கள்.
ஒரே காலுக்குள் கொடுக்கல் வாங்கல்.
படத்தை அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்,
பத்தொன்பது வருஷம் கடிகாரத் தொழிற்சாலையில்
கண்ணில் வில்லையோடு இருக்கிறவள்.
திருகாணியை மட்டும் பார்த்தாள்.
"நேராத்தான் பூட்டியிருக்கிறாங்கள்."
பிறகு குசினிக்குப் போய்
வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள்.

முதல் நாட்களில் தொடைக்குச் சொல்வேன்: இறுகு.
அது கேட்காது.
பள்ளிக்காலத்துக் காலைகளில்
எழும்பு எழும்பு என்று அம்மா கத்தக் கத்த
போர்வைக்குள் கிடந்த என்னைப் போல
கிடந்தது.
ஐந்தாம் நாள் ஒரு துடிப்பு,
தோலுக்கடியில் மீன் புரண்டாற்போல்.
விழுந்த அன்றைக்கு அழவில்லை,
அன்றைக்குத்தான் அழுதேன்.

சனிக்கிழமைகளில் என்னை
மணிக்கூட்டு மேசையில் இருத்திவிடுகிறார்கள்.
என் மூலையில் இப்போது லியோனி, பதினேழு வயது.
அதே இடத்தில் உள்ளே வெட்டுகிறாள்.
மண்டபமே பந்தைப் பார்க்கிறது,
நான் அவள் முழங்காலைப் பார்க்கிறேன்.
அவள் போட்ட கோலை
இரண்டு தடவை ஏற்ற மறந்துபோனேன்.
வேண்டுமென்றே இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்பதாவது கிழமை வலி போய்விட்டது.
கைபிடியைத் தொடாமல் படி இறங்கினேன்.
பெருமையாகச் சொன்னபோது
பிசியோ ரோஸ்லே சிரிக்கவில்லை.
இப்போதுதான் அது மிகப் பலவீனம் என்றாள்.
மாட்டிய நார் முதலில் செத்துப்போகுமாம்.
பிறகுதான் ரத்தம் வழி கண்டுபிடித்து
உள்ளே குடிவருமாம், மெதுவாக, மாதக்கணக்கில்.
அதுவரை?
அதுவரை கயிறு.
"நல்லாயிருக்கு என்று தோன்றும். நம்பாதே."

ஜன்னலுக்கு வெளியே மாக்லிங்கனுக்கு ஏறும் கம்பிவண்டி
மரங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.
மேலே யாரோ ஓடிக்கொண்டிருப்பார்கள்.
எனக்குள் செத்த ஒன்று
இரண்டு எலும்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
பாவம்,
பிழைக்குமா என்று அதற்கும் தெரியாது.

தரிப்பிடத்தில் பஸ்.
முப்பது மீட்டர் இருக்கும்,
எனக்கு நாலரை விநாடி, பந்தோடு என்றால் ஐந்து.
சாரதி கண்ணாடியில் கண்டுவிட்டான்,
கதவைத் திறந்தே வைத்திருந்தான்.
உள்ளிருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
ஊன்றுகோல் இல்லை, கட்டு இல்லை,
தோளில் அணியின் பெயர் போட்ட பை,
இவள் ஏன் ஓடவில்லை?

நடந்தேன்.
குதி, பிறகு விரல்.
குதி, பிறகு விரல்.