மாடி போர்ஷன்

பாஸ்போர்ட்டில் இல்ஸெ.
கேஸ் சிலிண்டர் பையனுக்கு எல்சியம்மா.
சமாதானபுரத்தில் எல்சிகள் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர்,
தெரு அவளையும் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

ஆஸ்திரியாவில் ஓர் ஆஸ்பத்திரியில்
முப்பத்தொரு வருசம் படுக்கை விரிப்பு வெளுத்தவள்.
பென்ஷனில் பாதிக்கு மேல் மகள் வீட்டுக் கடனுக்கு.
மிச்சத்தில் அங்கே இருந்தால்
குளிருக்கு ஒரே ஒரு அறையைத்தான் சூடாக்கலாமாம்.
இங்கே என் மாடியில் ரெண்டு அறை, மொட்டைமாடி,
மழை விட்ட நாளில் மேற்கே
பொதிகையின் நீலக் கோடு.
கோட்டுக்கு நான் தனியாக வாங்குவதில்லை.

மாசம் முப்பதாயிரம்.
தாண்டினால் அடுத்த மாசம் மீன் கிடையாது.
கட்டம் போட்ட நோட்டு, ஊதா மை.
பால் அரை லிட்டர். கீரை. நெத்திலி.
பாளை மார்க்கெட்டில் பேரம் பேச
"கொஞ்சம் பாத்துப் போடுங்க" மட்டும் படித்திருக்கிறாள்,
அது போதுமாயிருக்கிறது.
அல்வா வருசத்துக்கு ஒருதரம், கால் கிலோ;
விலைக்குப் பயந்து இல்லை, சுகருக்கு.
பல் கட்ட ஐயாயிரம் கொடுத்த ராத்திரி
ஊருக்குப் போன் போட்டு
சிரித்துக்கொண்டே இருந்தாள், கீழே கேட்டது.

ஜங்ஷன் பஸ்ஸில் முதல் தடவை
இருபது ரூபாயை நீட்டியிருக்கிறாள்.
"பொம்பளையாளுக்கு ஃப்ரீ, உக்காருங்கம்மா."
"நான் வெளிநாடு."
"ஏன், அங்கன பொம்பளையாளு கெடையாதா?"
அந்தச் சீட்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.
பஸ்: சுழியம். அடியில் ரெண்டு கோடு.

நான் ஜாக்கெட் தைக்கிறேன்.
அவள் சிக்கனம் எனக்கு ரெண்டு மாசச் செலவு,
கல்யாணச் சீசன் இல்லாவிட்டால் ரெண்டரை.
என் ஜெபசிங் தோஹாவில் வாடகை கட்டுகிறான்,
வீட்டுக்கு இல்லை, கட்டிலுக்கு. மேல் கட்டில்.
நானூற்றைம்பது ரியால்.
அவனும் நோட்டு வைத்திருப்பான்.
நான் பார்த்ததில்லை.

ஆடிக் காற்றில் துணி எடுக்க மாடிக்குப் போனபோது
எல்சியின் நோட்டு திறந்து கிடந்தது.
எழுத்து தெரியாது, எண் தெரியும்.
4000.
அதன் கீழே, தனி வரியில், 2500.

மரகதம் டீச்சர் நாலாயிரம்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
இவள் பெட்டியோடு வாசலில் நின்ற அன்று
என் வாய் தானாகவே
ஆறாயிரத்து ஐந்நூறு என்றது.

பின்னால் வந்து நின்றவள்
பைய விரலை வைத்தாள்.
"இது வாடகை.
இது... எல்சி வாடகை."
"யாரு சொன்னா?"
"காய்க்காரம்மா. முதல் மாசம்."
பிறகு அவளே என்னைத் தேற்றினாள்:
"எங்க ஊர்ல கார் நிக்க இதைவிட அதிகம்."

எனக்குக் காது சுட்டது.
குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
பவர் மிஷினுக்குத் தவணை ரெண்டாயிரத்து இருநூறு.
"மழை வருது, துணி இருக்கு" என்றேன்.

ஆறு மாசத்துக்கு ஒருதரம் விசா அவளை வெளியே தள்ளும்.
பத்து நாள் கொழும்பு.
அந்தச் செலவுக்கு மாசாமாசம் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறாள்.
சாவியைத் தந்து
கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் சொல்லிப் போனாள்.
வாடகை முழுசாக, கவரில். ரெண்டு கவர்.

நேற்று தண்ணீர் ஊற்றிவிட்டு
அவள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தேன்.
கட்டி முடித்துப் பதினாலு வருசம்,
வத்தல் போடவும் டேங்க் பார்க்கவும் ஏறியிருக்கிறேன்,
உட்கார்ந்ததில்லை.
மலை தெரிந்தது. கொஞ்சம் மங்கலாகத்தான்.
கதவு வழியே அவள் அறை ஃபேன் காற்று.
நான்தான் போட்டேன்.
மாடிக்குத் தனி மீட்டர், அவள் கணக்கு.

எழுந்துபோய் அணைக்க வேண்டும்.
இன்னும் கொஞ்ச நேரம்
ஓடட்டும் என்று விட்டேன்.